வழிக்குக் கொஞ்சம் சாமை

சாமி,

கையெழுத்து அழகாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதே, பேசுவது உன் அம்மாதான். கொட்டச்சேட்டுப் பள்ளிக்கூடத்து வாத்தியார் நம் வீட்டு வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து எழுதுகிறார். முதல் வரியில் "நலம், நலமறிய ஆவல்" என்று எழுதினார். நான் எங்கே நலம் என்று சொன்னேன்? அடித்துவிடச் சொன்னேன். மேடு ஏறும்போது முழங்கால் பிடித்துக்கொள்கிறது, ஆரஞ்சு இந்த வருஷம் பிஞ்சிலேயே உதிர்கிறது, மற்றபடி இருக்கிறேன். இவரோடு எனக்கு இன்னொரு வழக்கும் உண்டு. நான் ஊடு என்றால் வீடு என்று எழுதுகிறார், நொம்ப என்றால் ரொம்ப என்று எழுதுகிறார். சேலத்தில் ரயில்வே ஆபீஸில் வேலை பார்க்கிற பிள்ளை படிக்கிற கடிதம், திருத்தமாக இருக்கட்டும் என்கிறார். யாராவது பேசினதைச் சொன்னால் அதை மட்டும் பேசினபடியே எழுத ஒப்புக்கொண்டார். நீ என் பிள்ளை என்பது இவருக்கு மறந்துவிட்டது போல. படிக்கும்போது நீயே என் குரலைப் போட்டுப் படித்துக்கொள்.

உன் கடிதத்தை இவரை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். உன் பெண்டாட்டிக்கு ஏழாம் மாதம் என்ற இடம் வந்ததும் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன், அதனால் முதல் தடவை மீதி காதில் விழவில்லை. அழுதேன் என்று எழுதாதீர்கள் என்றேன், இவர் எழுதிவிட்டார். தாயில்லாத பெண், பிள்ளைப்பேற்றுக்குப் போக அவளுக்குப் பிறந்த வீடு இல்லை, நீ வந்து கூட இருக்க வேண்டும் அம்மா என்று எழுதியிருக்கிறாய். அந்த வரிக்கு அடுத்த வரியிலேயே, கையோடு நிலத்தை எஸ்டேட்டுக்கு எழுதிக் கொடுத்துவிடலாம், எஸ்டேட் கணக்கெழுதுகிற ரைட்டர் பத்திரம் தயார் செய்துவிட்டார், வரும்போது எடுத்து வருகிறேன், நீ பெருவிரலை வைத்தால் போதும் என்கிறாய். வைத்தால் போதும் என்கிற அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை கண்ணு. ரைட்டர் உனக்கு எழுதி, நீ ரைட்டருக்கு எழுதி, நிலத்தில் நிற்கிறவளுக்குக் கடைசியில் தெரிகிறது. கோபம் வந்தது. உன்மேல் கோபம் வந்தால் எனக்குச் சோறு இறங்காது, அதனால் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் கோபப்பட்டேன்.

பதிலை ஒரு வரியில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் ஒரு வரியில் சொன்னால் கிழவி முரண்டு பிடிக்கிறாள் என்று நினைப்பாய். நீ சின்ன வயதிலேயே படிப்புக்காகக் கீழே இறங்கிப் போனவன், இந்த ஊர் எப்படி நிற்கிறது என்று உனக்குச் சரியாகத் தெரியாது. அது உன் தப்பில்லை. சொல்லாமல் விட்டது நான்தான், இப்போது சொல்கிறேன், அவசரப்படாமல் கேள்.

நம் ஊரின் பெயரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பழைய வெள்ளைக்காரத் தொரை காலத்தில் எஸ்டேட் ஆபீஸில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தார்களாம். எஸ்டேட் நிலம் முழுக்கப் பச்சை வர்ணம், நடுவில் நம் ஐந்து வீட்டு நிலம் மட்டும் வெள்ளையாக விட்டிருந்ததாம். தொரை அதில் விரலை வைத்து அவர் பாஷையில் தீவு என்று சொன்னார். கேட்டவர்கள் அதுதான் ஊர்ப்பெயர் என்று பிடித்துக்கொண்டார்கள், அன்றிலிருந்து நாம் அய்லாண்டுக்காரர்கள். என் பிறந்த ஊர் வெள்ளக்கடைக்கு என்னைப் பெண் கேட்டு வந்தபோது மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்று என் அப்பா கேட்டார். அய்லாண்டு என்றார்கள். இங்கிலாந்துக்குப் பக்கத்து ஊர் போலிருக்கிறது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. என் தாய்மாமன் மட்டும் கவலையோடு, "ஏனுங்க, பொண்ண அனுப்பறதுன்னா கப்பல்ல போகோணுமா, ரயில்லயே போயிரலாமா?" என்று கேட்டார். வந்தவர்கள் சிரிக்கக்கூடாதே என்று வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டார்கள். கடைசியில் நடந்துதான் வந்தேன். காப்பித் தோட்டத்துக்குள்ளேயே நடந்து நடந்து கால் ஓய்ந்த பிறகு, இன்னும் எவ்வளவு தூரம் அய்லாண்டு என்று உன் அப்பாவைக் கேட்டேன். அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு இதுதான். "சுத்தியும் தொரை காப்பி, நடுவுல நம்ம அஞ்சு ஊடு, அவ்வளவுதான் புள்ள அய்லாண்டு. வா, காலக் கழுவு" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

வெளியே போக ஒரே தடம். நம் வயல் மூலையில் ஆரம்பித்து எஸ்டேட்டைக் குறுக்கே கடந்து கேட்டு வரைக்கும் போகும். கேட்டில் வாட்ச்மேன் மூட்டையை இறக்கச் சொல்லிக் கையை விட்டுத் துழாவுவான். உள்ளே காப்பிக்கொட்டை ஒன்று அகப்பட்டால் அது எஸ்டேட் காப்பிதான், கொண்டுபோகிறவன் திருடன்தான். நம் நிலத்தில் விளைந்தது என்று யாரிடம் சொல்வது? அதனால் எந்தப் பயிர் அந்தக் கேட்டைத் தாண்டுமோ அதைத்தான் நாம் விதைத்தோம். சாமை தாண்டும், ராகி தாண்டும், ஆரஞ்சு தாண்டும். உன் அப்பாவுக்குக் காப்பி மேல் ஆசை, கொல்லையில் சில செடிகள் வைத்தார். பழம் பழமாகக் காய்த்தது, ஒரு மணியை வெளியே கொண்டுபோக முடியவில்லை. நானே உலர்த்தி, சட்டியில் வறுத்து, உரலில் இடித்து, வெல்லம் போட்டுக் கொடுத்தேன். இந்த மலையில் தொரைக்கு அடுத்தபடி வேளாவேளைக்குக் காப்பி குடித்த ஆள் உன் அப்பாதான். நீயும் குடித்து வளர்ந்தவன்தான். சேலத்துக் காப்பியில் ருசி இல்லை என்று எழுதினாயே, வேறு எப்படி இருக்கும்?

நான் வந்த வருஷம் அறுப்பு முடிந்து சந்தைக்குச் சாமை கொண்டுபோகிற நாளும் வந்தது. என் அம்மா வீட்டிலிருந்து ஒரு கோணி ஊசி கொண்டுவந்திருந்தேன். பார்த்தால் இந்த ஊரில் ஒரு சாக்குக்கும் ஒழுங்காக மூலை தைக்கவில்லை. தூக்கினால் பொலபொலவென்று ஒழுகுகிறது. என்ன சோம்பேறி ஊர் இது என்று நினைத்து, நம் வீட்டு மூட்டைகளை இறுக்கித் தைத்தேன். புதுப்பெண் நல்ல பெயர் எடுக்க வேண்டுமே, மற்ற நாலு வீட்டு மூட்டைகளையும் வாங்கித் தைத்துக் கொடுத்தேன். விடிந்ததும் எல்லோரும் மூட்டையோடு வயல் மூலையில் வந்து நின்றார்கள், ஒருவரும் நகரவில்லை. தைத்த மூலையைத் தொட்டுப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள். உன் அப்பா, "ஒரு வாய் வெத்தல போட்டுட்டுப் போலாம், உக்காருங்க" என்றார். அவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு மூட்டையாகப் போய் அரிவாள் நுனியால் மூலையில் ஒரு தையலை மட்டும் அறுத்துவிட்டு வந்தார். சந்தையிலிருந்து திரும்பி வந்ததும் கேட்டேன். "அது வழிக்குப் புள்ள. எங்கூர்ல மூட்டைக்கு மூலை தைக்கறதில்ல" என்றார். "வழிக்கென்னுங்க வயிறா இருக்குது?" என்றேன். "இருக்குதோ என்னமோ. எங்கப்பனும் அப்படித்தான் சொன்னாரு, எனக்கும் அவ்வளவுதான் தெரியும்" என்றார். ஏனென்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. குருவி தின்னட்டும் என்றார்கள், மலைச்சாமி சேர்வராயனுக்குப் பங்கு என்றார்கள், ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்குச் சாமை வீணாகிறதே என்றுதான் வெகுகாலம் இருந்தது.

இதில் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு அவர் ஐந்து வீட்டுக்காரர்களுக்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் மூட்டை கட்டிக்கொண்டு வெள்ளக்கடைக்கே போயிருப்பேன். சொல்லவில்லை. நீ கடிதத்தில் உன் பெண்டாட்டிக்கு ஒன்றும் தெரியவில்லை, குழம்பு வைக்கவே வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஆபீஸ் சிநேகிதர்கள் சாப்பிட வந்தால் அவர்கள் முன்னாலும் இப்படித்தான் பேசுகிறாயா? பேசாதே. வாந்தி எடுத்துக்கொண்டு அடுப்பில் நிற்கிற பெண்ணுக்குக் குழம்பு எப்படி வரும்? நான் வந்து வைக்கிறேன், அதுவரைக்கும் வாயை மூடிக்கொண்டு சாப்பிடு.

நீ பிறந்து தவழ்கிற சமயம் புதுத் தொரை ஒருவர் வந்தார். எஸ்டேட்டுக்குள் தடம் என்று எதுவுமே கிடையாது, சும்மா இரக்கப்பட்டு விட்டிருந்தோம், இனி ஓடையைச் சுற்றிப் போகட்டும் என்றார். ஓடையைச் சுற்றினால் சந்தைக்குப் போய்ச் சேருவதற்குள் சந்தை கலைந்துவிடும். நம்மவர்கள் பேசிப் பார்த்தார்கள், ரைட்டர் காலைப் பிடித்தார்கள். எஸ்டேட் ஆட்கள் கேட்கவில்லை, தடத்தை மண்வெட்டியால் கொத்திவிட்டு அதன் மேலேயே காப்பி நாற்று நட்டார்கள். உன் அப்பாவும் மற்றவர்களும் சேலத்துக்குப் போய் மனுக் கொடுத்தார்கள். எத்தனையோ நடைக்குப் பிறகு, மழை விட்ட ஒரு நாள், ஒரு அதிகாரி மட்டக்குதிரையில் ஏறி வந்தார். தொரை கூட வந்தார், ரைட்டரும் வந்தார். பார்த்தால் எங்கும் காப்பி நாற்று, தடம் இருந்த அடையாளமே இல்லை. உன் அப்பா முகம் செத்துவிட்டது. நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலியோரம் நின்றிருந்தேன்.

அந்த மட்டக்குதிரைக்கு நீ ஒரு கும்பிடு போட வேண்டும் சாமி. அது நடக்கமாட்டேன் என்றது. ஒரு எட்டு வைக்கும், குனிந்து மேயும், இன்னொரு எட்டு வைக்கும், மறுபடியும் குனியும். அதிகாரி கடிவாளத்தை இழுக்கிறார், அது அவரையே முன்னால் இழுக்கிறது. எதைத் தின்கிறது என்று அவர் இறங்கிப் பார்த்தார். காப்பி நாற்றுகளுக்கு நடுவே முழங்கால் உயரத்துக்கு எதுவோ கதிர் விட்டிருக்கிறது. "வெறும் புல்லுங்க சார்" என்றார் ரைட்டர். அதிகாரி ஒரு கதிரைக் கிள்ளி, உள்ளங்கையில் கசக்கி, ஊதினார். "புல்லு இல்லீங்களே, சாமையாட்டம் இருக்குது. தொரை தோட்டத்துல சாமை போட்டீங்களா?" என்று கேட்டார். தொரை ரைட்டரைத் திரும்பிப் பார்த்தார். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். இங்கே ஒரு கொத்து, அங்கே ஒரு கொத்து என்று கேட்டிலிருந்து நம் வயல் மூலை வரைக்கும் ஒரே கோடாகச் சாமை நின்றது. எத்தனை வருஷத்து மூட்டைகளோ, ஒழுகி ஒழுகி மண்ணில் இறங்கியிருந்திருக்கிறது, அவர்கள் கொத்திவிட்டதில் நன்றாகவே முளைத்துவிட்டது. அதிகாரி குடையை ஊன்றிக்கொண்டு அந்தச் சாமையைப் பிடித்துக்கொண்டே நம் வயல் வரைக்கும் நடந்து வந்தார். கேட்டிலிருந்து வயல் எல்லை வரைக்கும் தடம் உண்டு, அடைக்கக்கூடாது என்று எழுதிவிட்டுப் போனார். உன் அப்பா அன்றைக்குச் சாயங்காலம் என்னிடம் வந்து, "வழிக்கு வயிறு இருக்குதா இல்லையா, இப்பச் சொல்லு" என்று கேட்டார். அந்தக் கேலியை ஆயுசு முழுக்கவும் விடவில்லை.

உனக்கு அந்தத் தடம் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். ஏன் என்றும் தெரியும். காய்ச்சலில் உன் அப்பாவை டோலியில் வைத்து ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது நீ டோலிக் கம்பைப் பிடித்துக்கொண்டே வந்தாய். பாறைத் திருப்பத்தில் கீழே வைத்தார்கள், பிறகு தூக்க வேண்டியிருக்கவில்லை. லீவில் வரும்போதெல்லாம் அந்த இடத்தில் நீ வேகமாக நடப்பாய். பாதை நீளமாக இருந்ததால்தான் அப்பா போனார், அந்தக் காட்டில் நீ தனியாகக் கிடப்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை அம்மா என்று இந்தக் கடிதத்திலும் எழுதியிருக்கிறாய். கண்ணு, எனக்கும் அந்த இடம் பிடிக்காது. அந்தப் பாறையைப் பெயர்த்து ஓடையில் தள்ள வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு டோலியைத் தூக்கினவர்கள் மற்ற நாலு வீட்டுக்காரர்கள்தான். ஓடையைச் சுற்றிப் போகிற நிலைமை இருந்திருந்தால் அந்தப் பாறை வரைக்கும்கூட அவரைக் கொண்டுபோயிருக்க முடியாது.

இப்போது ரைட்டர் சங்கதிக்கு வருகிறேன். உன் கடிதம் வந்த கையோடு அவரும் வந்தார். இவர் புது ரைட்டர், மரியாதை தெரிந்த மனிதர். "ஏனுங்கம்மா, வயசான காலத்துல தனியா எதுக்குங்க கஷ்டப்படறீங்க? பையன் நொம்பப் பாசமா இருக்காரு, போய்ச் சேந்துக்குங்க" என்றார். காப்பி போட்டுக் கொடுத்தேன், குடித்தார். நிலம் பார்க்கலாமா என்றார். கூட்டிப்போனேன். ஆரஞ்சு மரத்தை அவர் பார்க்கவில்லை. ஊற்றைப் பார்க்கவில்லை. நேராக வயல் மூலைக்குப் போய் நின்றுகொண்டு, "இந்த மூலையும் உங்க பட்டாவுலதானுங்களே வருது?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். நம் நிலத்துக்குப் பின்னால் இருக்கிற நாலு வீட்டு நிலத்தைப் பார்த்து, "அவங்களுக்கெல்லாம் வேற தடம் இருக்குதுங்களா?" என்று ஒன்றும் அறியாதவர் போலக் கேட்டார். எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. அதிகாரி எழுதினது நம் வயல் எல்லை வரைக்கும்தான். அங்கிருந்து மற்ற வீடுகளுக்குப் போகிற தடம் நம் நிலத்துக்குள்ளேயே போகிறது. அதற்கு எழுத்து எதுவும் கிடையாது, ஏனென்றால் நாம் யாரையும் போகாதே என்று சொன்னதில்லை. நம் நிலம் எஸ்டேட்காரர்கள் கைக்குப் போனால் அந்த மூலையில் ஒரு முள்வேலி போதும். அப்புறம் மற்ற நாலு வீடும் அவர்கள் கொடுத்த விலைக்குத் தானாக வந்து விழும். ஐந்து வீடு இருக்க என் ஒருத்தி முழங்கால் மேல் மட்டும் எஸ்டேட்டுக்கு இத்தனை இரக்கம் எப்படி வந்தது என்று நீ யோசித்திருக்க வேண்டும். படித்த பிள்ளை, யோசித்திருக்க வேண்டும்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் நான் உடனே வேண்டாம் என்று முடிவு செய்துவிடவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். பேரப்பிள்ளை என்று நினைத்ததும் நாலு வீடாவது, ஊராவது என்றுதான் மனது போயிற்று. பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணிடம் போய்ச் சொன்னேன். உனக்கு அவள் மடியிலும் இடம் இருந்தது, மறந்திருக்கமாட்டாய். அவள் சண்டைக்கு வருவாள், அழுவாள் என்று நினைத்தேன். "உங்க நெலமுங்க அக்கா, உங்க பையன். வித்தா வித்துக்குங்க" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துப் புடைக்க ஆரம்பித்துவிட்டாள். நல்லதாகப் போயிற்று என்று வந்து படுத்தேன். மறுநாள் சந்தை. அவள் சாமை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நம் மூலையைத் தாண்டிப் போனாள். நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மணி கீழே விழவில்லை. மூலையை இறுக்கித் தைத்திருந்தாள். என்னிடம் எப்போதோ இரவல் வாங்கின கோணி ஊசியால்தான் தைத்திருப்பாள்.

அவள் திரும்பி வரும்வரைக்கும் நான் அந்த மூலையிலேயே உட்கார்ந்திருந்தேன். வந்ததும், "ஏன் புள்ள தைச்ச?" என்று கேட்டேன். "இனி அந்த வழிக்குப் போட்டு என்னங்க அக்கா ஆகப்போவுது?" என்றாள். கோபமே இல்லை அவள் குரலில். திட்டியிருந்தால் நானும் திட்டிவிட்டுப் போயிருப்பேன். அவள் கையிலிருந்த வெறும் சாக்கை வாங்கி, மூலைத் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் நாங்கள் பேசிக்கொண்டது.

ஆகையால் சாமி, நான் வருகிறேன், நிலம் வராது. நிலத்தைச் சின்னப்பொண்ணுக்கு வாரத்துக்கு விடுகிறேன், விளைந்ததில் பாதி அவளுக்கு, பாதி நமக்கு. இன்னொன்றும் செய்யப் போகிறேன். நம் வயலுக்குள் போகிற தடம் ஐந்து வீட்டுக்கும் பொது என்று எழுதிப் பதிய வேண்டும் என்றேன், வாத்தியார் செய்யலாம் என்கிறார். அந்தப் பத்திரத்துக்கு நான் பெருவிரல் வைக்கிறேன். வாரிசு என்று நீயும் கையெழுத்துப் போட வேண்டும். அழகாகக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டாயே, அதை இதற்குப் போடு. ரைட்டருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதிவிடு. அவர் குடித்த காப்பி நம் கொல்லையில் விளைந்தது என்பதையும் எழுதலாம், இப்போது என்னைத் திருடி என்று யார் பிடிக்கப் போகிறார்கள்?

கேட்டைத் தாண்டிக் கொட்டச்சேடு வந்து, அங்கிருந்து ஏற்காடு வந்து பஸ் ஏறுவேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பஸ்ஸில் அத்தனை வளைவு இறங்கினால் குடல் வாய்க்கு வந்துவிடும் என்கிறாள் சின்னப்பொண்ணு. நீ வந்து கூட்டிப்போ. ஆனால் கேட்டில் நின்றுகொண்டு கூப்பிடாதே, வீடு வரைக்கும் நடந்து வா. பாறைத் திருப்பத்தில் வேகமாக நடக்காமல் கொஞ்ச நேரம் நில். திரும்பும்போது என் சாமை மூட்டையை நீதான் தூக்க வேண்டும். மூலையைத் தைக்கமாட்டேன், பஸ்ஸில் கண்டக்டர் திட்டினால் நீ பதில் சொல்லிக்கொள். உன் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மிச்சம் இருப்பதை உன் பெண்டாட்டிக்குப் பொங்கிப் போடுகிறேன், சாமைச் சோறு வயிற்றைப் புரட்டாது.

வாத்தியாருக்குக் கை வலிக்கிறதாம், முடித்துக்கொள்ளலாமா என்கிறார். மை டப்பாவை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னேன். நீ கேட்ட பெருவிரல் ரேகையை இதன் அடியில் வைத்திருக்கிறேன் பார். அம்மா வருகிறேன் என்பதற்கு.